ஐஸ்பெட்டி என்று நான் வைத்த பெயர்

ஜூலை 8, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று நினைவு தப்பிக் கிடக்கிற நோயாளியாக நடிக்கும்போது நிஜமாகவே தூங்கி, குறட்டையும் விட்டுவிட்டேன். சுற்றி நின்ற புதுப் பிள்ளைகளில் ஒருத்தி, "மேடம், மூச்சுல சத்தம் வருது, ஆபத்தா?" என்று பயந்து கேட்டிருக்கிறாள். டீச்சர் போர்வைக்குள் கையை விட்டு என் பாதத்தைக் கிள்ளினார். "எவடி அவ" என்று எழுந்து உட்கார்ந்தேன். நினைவு தப்பியவள் இப்படித் திட்டிக்கொண்டே எழுந்தால் பிள்ளைகள் என்னத்தைப் படிக்கும்?

இந்த நர்ஸ் பள்ளிக்கூடத்துக்கு நான் விரிப்பும் தலையணை உறையும் துவைக்க வந்தவள். போன வருஷம் ஒருநாள், கூலிக்கு நோயாளியாகப் படுக்க வருகிற அம்மா வரவில்லை. "நீ கொஞ்சம் படும்மா" என்றார் டீச்சர். நான் துவைத்த விரிப்பிலேயே படுத்தேன். அன்றிலிருந்து பாதி நாள் துவைப்பது, பாதி நாள் சாவது.

நடிக்கிறவர்கள் மனசில் எதையும் தங்கவிடக் கூடாதாம். வீட்டுக்குப் போய் எழுதிவிட வேண்டுமாம். அது டீச்சர் உத்தரவு. ஐந்தாவதோடு நின்றவளுக்கு இந்த வயசில் வீட்டுப்பாடம்.

ஜூலை 10, வியாழன்

பிள்ளைகளுக்கு இன்று குணப் பரிட்சை. கேள்விக்கெல்லாம் டிக் அடித்தால் யார் எந்த ரகம் என்று வந்துவிடுமாம். முன்னே நின்று நடத்துகிறவர்கள் சிவப்பு. கலகலப்பானவர்கள் மஞ்சள். தாங்கிப் பிடிக்கிறவர்கள் பச்சை. யோசிக்கிறவர்கள் நீலம். அந்தந்த நிறத்தில் வட்டம் ஒன்றைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு பழக்கடை ஆப்பிள் மாதிரி திரிகிறார்கள்.

எனக்கும் ஒன்று போட்டுப் பார்த்தார்கள். டீச்சர் கேள்வியை வாசித்தார், நான் பதில் சொன்னேன். மஞ்சள் வந்தது. "இதுக்கு எதுக்கும்மா பேப்பரை வீணாக்கினேன்" என்றார்.

எனக்கு அந்த வட்டமெல்லாம் வேண்டாம். கட்டிலில் மல்லாந்து கிடந்தால் குனிகிறவர்களின் மூக்குத் துவாரம்தான் முதலில் தெரியும், அடுத்தது குணம். நான் பிரித்த ரகம் வேறு. நம்மைப் பார்த்ததுமே அழுகிறவள் கண்ணீர் டேங்க். நோயாளியை விட்டுவிட்டுத் தலையணையை நேராக்குகிறவள் மேனேஜர். தொட்டதற்கெல்லாம் உபதேசம் பண்ணுகிற பையன் சாமியார். நம் கையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் பார்க்கிறாரா என்று பார்க்கிறவள் போட்டோ. டீச்சரிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்க அந்தப் பெயர்கள்தான்.

ஒருத்திக்கு மட்டும் பெயர் அமையவில்லை. நீல வட்டம். ஒல்லி. வாயே திறப்பதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

இன்றைக்கு என் வேஷம் எழுதி வந்த சீட்டில், பிரசவத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று இருந்தது. வேறு கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். நடிப்புதானே என்று படுத்துவிட்டேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். கண்ணீர் டேங்க் அழுத அழுகைக்கு நான்தான் அவள் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியிருந்தது. மேனேஜர், "அடுத்தது நல்லபடியா பொறக்கும், தண்ணி குடிங்க" என்று ஒரே மூச்சில் முடித்தாள். சாமியார், "மேல இருக்கிறவன் கணக்கு நமக்குத் தெரியாதும்மா" என்றான். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை, மேலே இருக்கிறவனோடு பழக்கமாம்.

கடைசியில் அந்த நீல வட்டக்காரி. வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை இல்லை. என் கை கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். தொடவில்லை. வேண்டுமென்றால் பிடித்துக்கொள் என்கிற மாதிரி அது அங்கே கிடந்தது. மணி அடிக்கும்வரை அவ்வளவுதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடித்த அழுகை இல்லை.

பாடம் முடிந்ததும் நான் எழுந்து உட்கார்ந்து, யார் கையில் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். டீச்சர் எழுதிக்கொள்வார், அதற்கு மார்க் உண்டு. இவள் முறை வந்தது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்கு மூக்கு ஒழுகுகிறது. சொல்லிவிட்டேன்.

"ஐஸ்பெட்டி பக்கத்துல படுத்த மாதிரி இருந்துச்சு மேடம். குளிர்ல கண்ணுலயே தண்ணி வந்துடுச்சு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. டீச்சர் சிரித்துக்கொண்டே எழுதினார். அவள் சிரிக்கவில்லை. "சரி அக்கா" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியும். எழுத மாட்டேன்.

ஜூலை 23, புதன்

எழுதித் தொலைக்கிறேன். எங்களுக்கு மகனுக்குப் பிறகு ஒரு பெண் பிறந்து ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் பேசினார்கள். பேசினவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லி, சிரிக்கவும் வைத்து அனுப்பினேன். "தேறிட்டா, கெட்டிக்காரி" என்று நாத்தனார் ஊரெல்லாம் சொன்னாள். அழ எனக்கு நேரமே வரவில்லை.

நேற்று அந்த நீல வட்டக்காரி பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அந்த அழுகை வந்தது. அதைச் சபையில் எப்படிச் சொல்வது? கேலிதான் கைவசம் இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஐஸ்பெட்டி என்ற பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. கேன்டீன்காரர்கூட, "ஐஸ்பெட்டிக்கு டீ சூடா வேணுமா?" என்று கேட்டாராம். மற்ற பெயர்களெல்லாம் பழையதாகிவிட்டன. மேனேஜரை இப்போது யாரும் மேனேஜர் என்பதில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

துவைக்கிற அறைக்கு அவள் வந்தாள். இயந்திரம் ஓடுகிற சத்தத்தில் முதலில் காதில் விழவில்லை.

"அக்கா, பேசறதுக்குச் சொல்லிக் குடுங்க."

"ஏண்டி, நீ என்ன ஊமையா?"

டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். நோயாளி சொன்ன மார்க் இரண்டு தடவையும் குறைவு. பேச வராதவர்களுக்கு வார்டு ஒத்துவராது. செப்டம்பர் பரிட்சையில் தேறாவிட்டால் வேறு படிப்பு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"பாத்துக்கோயேன், உலகத்துல படிப்பா இல்ல?"

"எனக்கு இதுதான் அக்கா வேணும்." பிறகு அவளாகவே சொன்னாள். "என் அண்ணனுக்குச் சின்ன வயசுலேர்ந்து பேச்சு வராது, எந்திரிக்க முடியாது. நான்தான் பாத்துப்பேன். அவன் கண்ணைப் பாத்தா என்ன வேணும்னு தெரிஞ்சிடும். இங்க வந்தப்புறம்தான், பேசினாத்தான் பாத்துக்கிறதுன்னு தெரியுது."

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். அன்னைக்கு நான் சொன்னது பொய்டி, உன் கைதான் எனக்கு இதமா இருந்துச்சு என்று. ஒரு வாக்கியம். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு வைத்துக் கதை பேசுகிற வாய் இது. வரவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தேன்? குருவாகிவிட்டேன்.

"மொத தப்பே நீ வாசல்லயே நின்னு பாக்குறதுதான். யோசிக்கவே கூடாது. உள்ள நுழையும்போதே ஒண்ணு போட்டுடணும். சிரிச்சுட்டான்னா பாதி நோய் போச்சு."

"என்ன போடணும்?"

"'என்ன, இன்னும் வீட்டுக்குப் போகலையா? ஆஸ்பத்திரி சாப்பாடு அவ்வளவு பிடிச்சுப்போச்சா?' இப்படி ஏதாவது."

அதை அவள் வாய்ப்பாடு மாதிரி மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

தினமும் வருகிறாள். நான் உறைகளை மடிக்க, அவள் கேலி பழக. இன்று சட்டையில் நீல வட்டத்தைக் காணோம். மஞ்சள் ஒட்டியிருந்தாள். "ஏதுடி இது?" என்றேன். "போட்டோகிட்ட ஒண்ணு எக்ஸ்ட்ரா இருந்துச்சு."

செப்டம்பர் 9, செவ்வாய்

ஐஸ்பெட்டி தேறிவிட்டாள்!

எனக்கு இடுப்பு எலும்பு முறிந்த கிழவி வேஷம். மற்றவர்கள் உளறினார்கள். இவள் வந்தாள் பாருங்கள்: "என்ன பாட்டி, டான்ஸ் ஆடி விழுந்தீங்களா, இல்ல தாத்தா தள்ளிவிட்டாரா?" கிழவி சிரிக்கக் கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தும் சிரித்துவிட்டேன். டீச்சர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "என்னம்மா மாயம் பண்ணீங்க?" என்றார். "என்கிட்ட விட்டா கல்லும் பேசும் மேடம்" என்றேன். தலை கால் புரியவில்லை எனக்கு.

ஒன்று மட்டும் கவனித்தேன். வாசலில் நிற்கவில்லை. நேராக வந்துவிட்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் ரிப்பேர்காரர், பேச்சும் ஒரு மாடிக்கு ஒரு வார்த்தைதான். "உன்ன மாதிரியே இன்னொன்னா?" என்றார்.

செப்டம்பர் 24, புதன்

ஐயோ, என்ன செய்துவைத்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

இந்த வாரம் பிள்ளைகளை நிஜ ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். நேற்று நடந்ததை மேனேஜர் வந்து சொன்னாள். அவள் அதே வார்டில்தான் இருந்தாளாம்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர், வயிற்றில் கட்டி. காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மகன் சுவரைப் பார்த்து நிற்கிறான். மனைவி, துண்டை ஒரு பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறாள். கண் உள்ளவர்கள் யாருக்கும் அது என்ன இடம் என்று தெரியும்.

இவள் காய்ச்சல் பார்க்கப் போயிருக்கிறாள். உள்ளே நுழையும்போதே போட்டுவிட்டாள்.

"என்ன, இன்னும் வீட்டுக்குப் போகலையா? ஆஸ்பத்திரி சாப்பாடு அவ்வளவு பிடிச்சுப்போச்சா?"

நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் சிரித்தும் இருக்கிறாள்.

பெரியவர் கோபப்படவில்லையாம். "போறேம்மா, போறேன்" என்றாராம். மகன் கத்தி, வார்டே கூடி, மேலிடம்வரை புகார் போய்விட்டது. இவள் தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாளாம். "அப்பவும் ஒரு வார்த்தை மன்னிப்பு கேக்கல அக்கா, ஐஸ்பெட்டி ஐஸ்பெட்டிதான்" என்றாள் மேனேஜர்.

வாசலில் நின்று பார்க்கிற பெண் அவள். நின்று பார்த்திருந்தால் அந்தப் பை, அந்தத் துண்டு, அந்தச் சுவர் எல்லாம் கண்ணில் பட்டிருக்கும். வேறு யாருக்குப் படாவிட்டாலும் அவளுக்குப் பட்டிருக்கும். நிக்காதேன்னு சொன்னது யாரு? நான்தானே. யோசிக்கவே கூடாதுன்னு சொன்னது யாரு? பெரிய்ய்ய குரு!

செப்டம்பர் 26, வெள்ளி

டீச்சர் அறைக்குப் போனேன். அவளை நிறுத்திவிடுவதாக முடிவாகப் போகிறது என்று பேச்சு.

"அது என் வார்த்தை மேடம். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நீங்க சொன்னா அவளுக்குப் புத்தி எங்க போச்சு? குணம்னு ஒண்ணு இருக்கும்மா. இந்த வேலைக்கு எல்லாரும் ஒத்துவர மாட்டாங்க. நீங்களே மொத நாளே கண்டுபிடிச்சுச் சொன்னீங்களே."

"அது பொய்."

"எது?"

"ஐஸ்பெட்டின்னு சொன்னது. அன்னைக்கு அவ பக்கத்துல உக்காந்தப்போ எனக்கு நெஜமா அழுகை வந்துடுச்சு மேடம். வெக்கமா போயிடுச்சு. அதை மறைக்கத்தான் கிண்டல் பண்ணேன்."

டீச்சர் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உங்க வார்த்தையை வெச்சுத்தான் மார்க் போட்டேன்."

"தெரியும்."

"நானும்தானே கூடச் சிரிச்சேன்" என்றார். அதற்கப்புறம் என்னைப் போகச் சொன்னார்.

செப்டம்பர் 29, திங்கள்

அவள் அப்பா வந்திருந்தார். லாரி ஓட்டுகிறவர் போலிருக்கிறது, ஒரு கை மட்டும் வெயிலில் கறுத்திருந்தது. வராந்தா பெஞ்சில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். சட்டையில் எந்த வட்டமும் இல்லை.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். டீச்சரிடம் சொன்னது எல்லாவற்றையும். பிறந்து போன பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். நானாக வாய் திறந்து அதைச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

முழுதும் கேட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மாறியிருக்க மாட்டேனே அக்கா."

"தப்புதான்டி. இனிமே நீ பழையபடி..."

"அது வர மாட்டேங்குது. நேத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் ரூமுக்குள்ள நுழையும்போதே வாய் தானா ஒரு ஜோக் சொல்லிடுச்சு. அவன் என்னை யாரோ மாதிரி பாத்தான்."

 

அப்பாக்காரர் என்னைப் பார்த்து, "நீங்க இங்க டீச்சருங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, நான் இங்க நோயாளி" என்றேன். பாவம், தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

அக்டோபர் 3, வெள்ளி

முடிவு சொல்லிவிட்டார்கள். நிறுத்தவில்லை. ஜனவரியில் சேர்கிற அடுத்த செட்டோடு முதலிலிருந்து படிக்கலாம். டீச்சர் எனக்குத் தெரியாமல் அவளுக்காக நிறைய வாதாடியிருக்கிறார் என்று கேன்டீன்காரர் சொன்னார். தன் பெயரைக் கெடுத்துக்கொண்டுதான்.

படித்ததெல்லாம் போச்சு அந்தப் பிள்ளைக்கு. என் வாய்க்கு அவள் கட்டின அபராதம்.

அக்டோபர் 4, சனி

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "அன்னைக்கு நீ அழுதிருக்கலாம். நான் காத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து, தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார் மனுஷர்.

நவம்பர் 17, திங்கள்

விரிப்பு, உறை, விரிப்பு. யாரையும் கேலி செய்யவில்லை. கேன்டீன்காரர் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார்.

ஜனவரி 20, செவ்வாய்

புது செட். அதில் அவளும். நெற்றிமுடியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருக்கிறாள், முகம் இன்னும் சின்னதாகத் தெரிகிறது. குணப் பரிட்சையை இந்தத் தடவை டீச்சர் வைக்கவில்லை. ஆனால் புதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. "ஐஸ்பெட்டி, நீ போ முதல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நான் வைத்த பெயர், நான் இல்லாமலே நடமாடுகிறது.

இன்று எனக்கு, சாப்பிட மறுக்கிற நோயாளி வேஷம். புறங்கையில் ட்ரிப்ஸ் குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள், பாட்டிலில் வெறும் தண்ணீர். அவள் வந்தாள். வாசலில் நின்றாள். எவ்வளவு நேரம் நிற்பது சரி என்று அவளுக்கே சந்தேகம் போல, நின்றுவிட்டு டீச்சரைப் பார்த்தாள். பிறகு வந்து பெயர் கேட்டாள், வலி எங்கே என்று கேட்டாள், ஒரு வாய் சாப்பிடலாமா என்று கேட்டாள். எதிலும் குறை சொல்ல முடியாது. புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி. கேலியும் இல்லை, அந்தப் பழைய மௌனமும் இல்லை. அக்கா என்றும் கூப்பிடவில்லை. "அம்மா" என்றாள், எல்லா நோயாளியையும் கூப்பிடுகிற மாதிரி.

அவள் கையை என் கைக்குப் பக்கத்தில் வைப்பாளா என்று கடைசிவரை பார்த்தேன். மடியில் மடித்து வைத்திருந்தாள்.

பாடம் முடிந்தது. எழுந்து உட்கார்ந்தேன். வீட்டிலேயே யோசித்துவைத்திருந்த வார்த்தைகளை, சபை கேட்கச் சொன்னேன்.

"இந்தப் பொண்ணு கையில போன வருஷம் நான் நோயாளியா படுத்திருக்கேன். என் ஆயுசுல என்னை யாரும் அவ்வளவு நல்லா பாத்துக்கிட்டதில்ல. ஐஸ்பெட்டின்னு நான் சொன்னது பொய். இனிமே யாரும் அப்படிக் கூப்பிடாதீங்க."

 எல்லாரும் சிரித்தார்கள். பேஷண்ட் அக்கா பயங்கர தமாஷ் என்று அவர்களுக்கு முன்பே சொல்லிவைத்திருக்கிறார்கள். பின்வரிசையில் ஒருத்தன் கைகூடத் தட்டினான். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று படிக்க எனக்குத் தெரியவில்லை. அவளாக இருந்தால் படித்திருப்பாள்.

இதற்கு மேல் அங்கே இருக்க வேண்டாம் என்று கட்டிலைவிட்டு இறங்கி, தலை நிமிர்ந்து, வாசலை நோக்கி நடந்தேன். குழாய் கையில் ஒட்டியிருந்தது. ஸ்டாண்டும் கூட வந்தது. மூன்றாவது கட்டில் அருகே அது சாய்ந்தது. பாட்டில் திறந்துகொண்டு டீச்சரின் செருப்பில் தண்ணீர் கொட்டியது. செருப்பு மாடியில் காய்கிறது. இடது கால் மட்டும்தான் நனைந்தது.